கோழிக்கூண்டுக்குச் சக்கரம் எங்கே வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பற்றி எழுதுபவர்கள் தீவனம், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, அடைவைப்பு எல்லாவற்றையும் விளக்குகிறார்கள். கூண்டின் கனத்தைப் பற்றிப் பேசுவோர் அரிது. பட்டறையிலிருந்து வந்து இறங்கிய இடத்திலேயே கூண்டு வருடக்கணக்கில் நிற்கிறது. அடியில் எச்சம் சேர்ந்து நனைந்து கிடக்க, குஞ்சுகள் அங்கேயே கிளறித் தின்கின்றன. இரத்தக்கழிச்சல் கிருமி எச்சத்தோடு விழுந்தவுடன் தொற்றுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால்தான் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். எச்சத்தை வாரி எடுத்து, வாரம் ஒருமுறை கூண்டையும் நகர்த்தினால் பழைய இடம் வெயிலில் காய்ந்துவிடும். நகர்த்த முடியாத கனத்தில் கூண்டு இருப்பதால்தான் இது நடப்பதில்லை.

கனம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டால் தெரியும். 6 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள கூண்டின் சட்டத்துக்குக் கதவு, குறுக்குக் கம்பிகள் சேர்த்துச் சுமார் 24 மீட்டர் இரும்பு போகும். 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் ஆங்கிளில் (L வடிவ இரும்புச் சட்டம்) செய்தால் மீட்டருக்கு 3 கிலோ, மொத்தம் 72 கிலோ. அதையே 25 மி.மீ. சதுரக் குழாயில் (1.6 மி.மீ. தடிமன்) செய்தால் 28 கிலோதான் வரும். பத்துப் பன்னிரண்டு கோழிக்கு அந்தக் குழாய் தாராளம். அடுத்தது கூரை. 7க்கு 5 அடி சிமென்ட் ஷீட் ஏறக்குறைய 40 கிலோ, அரை மி.மீ. தகரம் 13 கிலோ. தகரம் சுடும் என்பது உண்மைதான். மேலே தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டினால் போதும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மாற்றுவதானால் முழுசாகக் கழற்றுங்கள், அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. வலை, தரை எல்லாம் சேர்த்து 150 கிலோ வரும் கூண்டு இந்த இரண்டு மாற்றத்திலேயே 80 கிலோவுக்கு இறங்கிவிடும்.

ஏற்கெனவே ஆங்கிளில் செய்துவிட்டவர்களுக்குச் சக்கரம்தான் வழி. இதில் எல்லோரும் செய்யும் தவறு, நான்கு காலிலும் 4 அங்குலச் சின்னச் சக்கரத்தை மாட்டுவது. அது சிமென்ட் தரைக்குத்தான் ஆகும், மண்ணில் புதைந்து நின்றுவிடும். குறைந்தது 10 அங்குல விட்டமுள்ள இரண்டு சக்கரமும் ஒரே அச்சும் போதும். காற்றடிக்கும் டயரைவிடக் கெட்டி ரப்பர் நல்லது. கருவேல முள் உள்ள ஊரில் மற்றது நிலைக்காது. முதலில் சக்கரத்தை வாங்கி, அதன் துளைக்கு ஏற்ற உருட்டுக் கம்பியைப் பிறகு வாங்குங்கள். 20 மி.மீ. கம்பி தாங்கும். ஆனால் சக்கரம் சட்டத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அரை அடி வெளியே தள்ளி மாட்டினால் அச்சு வளையும்.

அச்சை எங்கே வைப்பது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 150 கிலோ கூண்டின் பின்முனையிலேயே வைத்தால், முன்பக்கத்தைத் தூக்குபவர் கையில் பாதி எடை, 75 கிலோ, விழும். பின்முனையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி வைத்து, முன்னால் 2 அடி நீளக் கைப்பிடியும் கொடுத்தால் அதே கூண்டுக்கு 35 கிலோ தூக்கினால் போதும். 80 கிலோ கூண்டானால் 18 கிலோதான். இன்னும் உள்ளே தள்ள ஆசை வரும், வேண்டாம். முட்டைப் பெட்டி பின்பக்கம் தொங்கினால் கூண்டு பின்னால் சாய்ந்துவிடும். முன்பக்கத்தை அரை அடி தூக்கும்போது பின்முனை 2 அங்குலம் தாழும். அதனால் பின் கால்களை 3 அங்குலம் குறைத்து அறுக்க வேண்டும். நிறுத்திய பிறகு அந்தக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள். சரிவான இடமானால் சக்கரத்துக்கும் அடைகல் வையுங்கள்.

கைப்பிடிக்கு 1 அங்குல ஜி.ஐ. பைப் இரண்டு. சட்டத்தில் ஓரடி நீள ஒன்றேகால் அங்குல பைப்பைப் பற்றவைத்து, அதற்குள் செருகிக் கழற்றும்படி செய்தால் யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

சக்கரம் போட வசதியில்லையா? இரண்டு கெட்டி மூங்கிலை அடிச்சட்டத்துக்குக் கீழே கொடுத்து, நான்கு பேர் சப்பரம் தூக்குவதுபோலத் தூக்குங்கள். ஆளுக்கு 40 கிலோவுக்குள்தான் வரும். கயிறு கட்டி இழுப்பது மட்டும் கூடாது. கால்கள் மண்ணில் சிக்கி, சட்டம் கோணி, கதவு பூட்டாமல் போகும். அந்த இடைவெளி கீரிக்கும் மரநாய்க்கும் போதும். எந்தக் கூண்டானாலும் கால்களுக்கிடையே குறுக்காக ஒரு பட்டைக் கம்பி பற்றவைத்துவிடுவது நல்லது.

நகர்த்துவதற்கு முன் தண்ணீர்ப் பானையையும், தரையில் பரப்பிய உமியையும் வெளியே எடுங்கள். நனைந்த உமி மட்டுமே இருபது கிலோவைத் தாண்டும். கரிசல் மண்ணில் மழை பெய்த மறுநாள் எந்தச் சக்கரமும் ஓடாது, காயும்வரை பொறுக்க வேண்டும். கனம் குறைந்த கூண்டை ஆடிக் காற்று புரட்டும். இரண்டு முளை அடித்துக் கட்டாமல் விடாதீர்கள்.

காலையில் கோழிகளை மேயவிட்ட பிறகு நகர்த்துங்கள். ஒரே தடவையில் பத்தடிக்கு மேல் வேண்டாம். வாசல் பார்த்த திசையும் மாறக்கூடாது. அந்திக்குக் கோழி தேடி வருவது இடத்தைத்தான். தூரமாய் வைத்தால் பழைய இடத்திலேயே கூடி நின்று இருட்டில் மாட்டிக்கொள்ளும்.

கால்நடைத் துறையின் பயிற்சிகளில் கூண்டு அளவு சொல்லும்போது, இரும்பின் தடிமன், மொத்த எடை, அச்சு வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் வரைபடத்தோடு ஒரு தாளில் தர வேண்டும். பட்டறைக்காரரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, அதன்படி செய்யச் சொல்ல அது ஒன்று போதும்.

இப்படிக்கு,
கோழி வளர்ப்போர் சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்.