பெட்ரோல் டேங்குக்குள் கழிவறை ஆசிட் வேண்டாம்

ஆசிரியருக்கு,

காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக்காற்றில் நிற்கும் பழைய புல்லட், ஆர்எக்ஸ் 100 வண்டிகளை வீட்டிலேயே புதுப்பிப்பவர்கள் பெயின்டுக்குச் செலவழித்துவிட்டு, டேங்கின் உட்புறத்தை மறந்துவிடுகிறார்கள். அங்கிருந்து உதிரும் துருத்தூள் கார்புரேட்டர் ஜெட்டில் (இன்ஜினுக்குப் பெட்ரோல் செல்லும் நுண்துளையில்) அடைத்தால் வண்டி இழுக்காது. துருவை நீக்கக் கழிவறை ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம்: துருவோடு தகட்டையும் தின்றுவிடும்.

மொட்டைமாடியில், நெருப்பு இல்லாத இடத்தில் பெட்ரோலை வடித்து, டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் குழாய்த் திருகைக் கழற்றி அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். மளிகைக்கடை எலுமிச்சை உப்பை (மென்மையான சிட்ரிக் அமிலம்) லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கலந்து, கழுத்துவரை நிரப்பி 12 மணி நேரம் விடுங்கள். பிறகு மிச்ச அமிலத்தை முறிக்க, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசவேண்டும். ஈரம் நின்றால் அன்றைக்கே மறுபடி துரு படரும். உடனே உலர்த்தி, 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) உள்ளே சுழற்றிவிடுங்கள். புது பெட்ரோல் பில்டர் கட்டாயம்.

வாசகர்,
திருவொற்றியூர்