அம்பாசடரை எடைக்குப் போடுவதற்கு முன்

டென்வர்,
ஜனவரி 12.

அன்புள்ள அப்பச்சிக்கு,

நலம். உங்கள் நலமும் ஆத்தா நலமும் அறிய ஆவல். பிள்ளையார் நோன்புக்கு இங்குள்ள நாலு குடும்பம் ஒரே வீட்டில் கூடி, மாவில் வைத்து ஏற்றிய இழையை எடுத்துக்கொண்டோம். ஆவாரம்பூவுக்கு எங்கே போவது, வாசலில் முழங்கால் அளவு பனி.

அம்பாசடரை எடைக்குப் போடப்போவதாகப் போனில் சொன்னீர்கள். "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, போர் எடுக்கணும், அந்தச் செலவுக்கு வண்டி பெறாது" என்றாராம் காரைக்குடி மெக்கானிக். அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்து கேஸ் கீழே ஆயில் பக்கம் இறங்குகிறது, சிலிண்டரைக் கடைய வேண்டும் என்கிறார். போன மாதம் அதே தீர்ப்பை இங்கே இங்கிலீஷில் கேட்டுவிட்டு வந்தவன் நான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வண்டி 1994 மாடல். நவம்பரில் ஐட்லிங் கெட்டது. சிக்னலில் நின்றால் அணையப்போவது மாதிரி குலுங்கும், அப்புறம் தானாக ரேஸ் ஆகும். நிறுத்துகிற இடமெல்லாம் ஆயில் பொட்டு. ஏர் பில்டர் பெட்டிக்குள்ளும் ஆயில். ஒர்க்‌ஷாப்காரர் ஆயில் மூடியைத் திறந்தார், குபுகுபுவென்று புகை வந்தது, "ரிங் போச்சு" என்று மூடிவிட்டார். கேட்ட தொகை நான் வண்டி வாங்கிய விலையைவிட அதிகம்.

1996 மாடலிலிருந்து இங்கே விற்கும் எல்லாக் காரிலும் கோளாறைச் சொல்லும் பொதுவான கம்ப்யூட்டர் பிளக் இருந்தாக வேண்டும். என்னுடையது இரண்டு வருஷம் முந்திப் பிறந்துவிட்டது. கையால்தான் நாடி பார்க்க வேண்டும். அதற்கு இங்கே ஒரு வசதி உண்டு. உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டினால் கருவியை இரவல் தருவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் முழுசாக வரும். சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கிற கம்ப்ரஷன் கேஜும், எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற பலம் பார்க்கிற வேக்குவம் கேஜும் வாங்கி வந்தேன்.

கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் நன்றாகவே இருந்தது, பெரிய ஏற்றத்தாழ்வும் இல்லை. அப்போதே பாதி உயிர் வந்தது. வேக்குவம் கேஜை மாட்டியதும் அது போய்விட்டது. ஐட்லிங்கில் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டுமாம். எனக்கு நின்றது 10. பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அது கடலோரக் கணக்கு. ஆயிரம் அடி ஏறினால் ஒரு அங்குலம் கழித்துக்கொள்" என்றார். டென்வர் 5,280 அடி உயரம். சட்டசபைக் கட்டடத்துப் படியிலேயே 'கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மைல்' என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆக இங்கே 12 முதல் 16 வந்தால் போதும். அப்படிப் பார்த்தாலும் 10 குறைச்சல்தான். எங்கோ வெளிக்காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது.

ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை, எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகிற மானிஃபோல்டைச் சுற்றி நகர்த்தினேன். ஸ்ப்ரே அடித்தும் பார்க்கலாம் என்கிறார்கள். சூடான எஞ்சினில் தீப்பிடிக்கிற சாமானைப் பீய்ச்ச எனக்குத் தைரியமில்லை. பின்பக்கம் ஒரு முழங்கை போன்ற ரப்பர் வளைவு, அடிப்பகுதியில் பாம்பு சீறுகிற சத்தம். விரலை வைத்து அழுத்தினேன். சீறல் நின்றது, எஞ்சின் சட்டென்று அடங்கியது. கழற்றினால் நக நீளத்துக்கு வெடிப்பு. அதையொட்டி இருந்த வால்வைக் காதோரம் ஆட்டினேன், கடகடவென்று சத்தம் வர வேண்டும், வரவில்லை. உள்ளே கருவண்டல் இறுகிக் கிடந்தது.

ஆத்தாளுக்குச் சொல்லுங்கள், இது குக்கர் சமாசாரம். ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொஞ்சம் கேஸ் கீழே இறங்கத்தான் செய்யும். முன்காலத்துக் கார்களில் ஒரு குழாய் வைத்து அதை ரோட்டில் விட்டுவிடுவார்கள். 1961 மாடல்களிலிருந்து கலிபோர்னியாவில், அதை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரித்துவிடும்படி இந்த வால்வை வைத்தார்கள். வெயிட் போடுகிற ஓட்டை அடைத்தால் ஆவி கேஸ்கட் வழியாகச் சீறாதா? அதேபோல இங்கே ஆயில் சீல் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது. சீலை மட்டும் மாற்றினால் புதுசும் ஒழுகும்.

புது வால்வும் வளைவும் சேர்த்து இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடுகிற காசுதான். மாட்டுவதற்கு முன் ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் மெல்லிய ரப்பர் கையுறையை ரப்பர் பேண்டால் கட்டிப் பார்த்திருந்தேன். ஐந்து விரலும் விறைத்து நின்றது. மாட்டிய பிறகு உள்பக்கமாகச் சுருங்கி ஒட்டிக்கொண்டது. முள் 15.

ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் இன்னும் வெண்ணெய் மாதிரி படிகிறது. ஆபீஸ் பத்து நிமிஷ தூரம், எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறேன், ஈரம் ஆயிலோடு கலந்துவிடுகிறது. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, அது ஆயிலில் இறங்கவில்லை என்று அர்த்தம், அதனால் பயமில்லை. ஞாயிறுதோறும் ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன்.

இப்போது நம் வண்டிக்கு வருகிறேன். அதில் இந்த வால்வைத் தேட வேண்டாம். எஞ்சின் மேல்மூடியிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றி, வாய் வைத்து ஊதிப் பாருங்கள். கொட்டகையில் இத்தனை வருஷம் நின்றதில் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பிறகு மெக்கானிக்கிடம் வேக்குவமும் கம்ப்ரஷனும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கையை வைத்து அல்ல. நம் பள்ளத்தூர் உயரமான ஊர் இல்லை, நீங்கள் எதையும் கழிக்க வேண்டியதில்லை, முள் 17-க்கு மேல் நிற்க வேண்டும். கம்ப்ரஷனும் விழுந்திருந்தால் மெக்கானிக் சொன்னது சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

எடைக்காரர் பொங்கல் கழித்து வருகிறார் என்றீர்கள். அதற்குள் பார்த்துவிட்டுப் போன் பண்ணுங்கள். ஆத்தா கொடுத்துவிட்ட மனகோலம் டப்பாவின் அடியில் தூளாக ஒரு கை இருக்கிறது.

உங்கள் அன்பு மகன்