தலைக்கு மேல் பறப்பதற்கு ஒரு காகிதம்

அன்புள்ள சேகர்,

உன் குரல் பதிவு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. திட்டாதே. வாட்ஸாப்பில் சொன்னால் பாதியில் விட்டுவிடுவேன் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். சின்னவளின் வளைகாப்பு நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறி ஸ்டுடியோ திறக்கிற வேலையைப் பையனிடம் விடு என்றால் நீ கேட்கவா போகிறாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அமெரிக்காவில் ஒரு ஃபாரம் போட்டால் கூட்டத்துக்கு மேலேயே ட்ரோன் விடலாமாமே?" என்று கேட்டிருந்தாய். ஃபாரம் ஒன்றுதான், அதுவும் ஆன்லைனில். நான் அதில் கோட்டைவிட்ட கதையைக் கேள்.

2018-ல் இங்கே ஒரு கோயிலில் தேர். நம் ஊர் மாதிரி நான்கு வீதி கிடையாது, கார் நிறுத்துகிற இடத்தைச் சுற்றித்தான் சாமி வருவார். வடம் பிடிக்கவே இருநூறு பேர். மேலிருந்து எடுத்துத் தரச் சொன்னார்கள். எஃப்.ஏ.ஏ. என்கிற அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 107-ஆம் பகுதி ட்ரோன் விதிகள் அமலுக்கு வந்து அப்போது இரண்டு வருடம் (2016 ஆகஸ்ட் 29). தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தேன். ஆனால் அதே விதியில் அப்போது ஆள் தலைக்கு மேல் பறக்கக்கூடாது என்று இருந்தது. ட்ரோனை இயக்குகிற குழுவுக்கு மட்டும் தடையில்லை. பாதுகாப்பான கூரைக்கு அடியிலோ நின்றுகொண்டிருக்கும் காருக்குள்ளோ இருப்பவர்களுக்கு மேலும் போகலாம். (துணிப்பந்தல் கூரையில் சேருமா என்று கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.) கூட்டத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் வெய்வர், அதாவது விதிவிலக்கு அனுமதி, வாங்கவேண்டியிருந்தது.

நாலு பக்கம் எழுதினேன். எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறேன், பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்கிறேன், இதுவரை ஒரு கீறல் கூட விழுந்ததில்லை என்று ஒரே சுயபுராணம். திரும்பி வந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். மோட்டார் நின்றால் ட்ரோன் என்ன வேகத்தில் கீழே வரும், மண்டையில் பட்டால் என்ன ஆகும், சுழல்கிற இறக்கை தோலைக் கிழிக்குமா என்பதற்கு என் நாலு பக்கத்தில் ஒரு வரி கிடையாது. "விழாது" என்றே திரும்பத் திரும்ப எழுதியிருந்தேன். விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் அவர்கள் படிக்கவே ஆரம்பிக்கிறார்கள்.

அதில் நியாயம் இருக்கிறது. 2015-ல் சியாட்டிலில் ஒரு ஊர்வலத்தின்போது ட்ரோன் ஒன்று கட்டடத்தில் மோதி, கீழே நின்ற ஒரு பெண்ணின் மேல் விழுந்தது. அவர் நினைவிழந்து சாய்ந்துவிட்டார். ஓட்டியவருக்கு 30 நாள் சிறை.

வெய்வர் வாங்கியவர்கள் எப்படி வாங்கினார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். 2017-ல் சிஎன்என் 150 அடி உயரம் வரை மக்களுக்கு மேல் பறக்க வாங்கியது. அதற்கு அவர்கள் காட்டிய ஸ்னாப் என்ற ட்ரோன் 620 கிராம்தான். இறக்கைகள் கூண்டுக்குள் இருக்கும், மோதினால் துண்டு துண்டாகக் கழன்றுவிடும்படி செய்தது. 2019-ல் ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் பாரசூட் மாட்டிய ஃபாண்டம் 4 ட்ரோனைக் காட்டி வாங்கியது. ட்ரோனை விதவிதமாகப் பழுதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அந்தப் பாரசூட் விரிகிறதா என்று சோதித்துத் தரச்சான்று வாங்கியிருந்தார்கள். ஒற்றை ஆள் ஸ்டுடியோ அதற்கெல்லாம் எங்கே போவது, சொல்.

2021 ஏப்ரலில் புது விதி வந்தது. ட்ரோன்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். வகைக்குள் வந்துவிட்டால் வெய்வரே வேண்டாம். இரண்டாம் வகைக்கு, அது விழுந்தால் ஏற்படும் காயம், கெட்டியான பொருள் ஒன்று 11 அடி-பவுண்டு (foot-pound) ஆற்றலோடு மோதினால் ஏற்படும் காயத்துக்கு மேல் போகக்கூடாது. உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு கிலோ எடைக்கல்லை 5 அடி உயரத்திலிருந்து போட்டால் விழுகிற அடி. என் ட்ரோன் கிட்டத்தட்ட ஒரு கிலோ, நான் பறப்பதோ 200 அடியில். காற்றின் தடையைக் கழித்தாலும் பல மடங்கு வருகிறது. அந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. தேர் ஓடிய அன்று அந்தக் கூட்டத்தில்தானே என் மகளும் வடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வகை நமக்கு ஒத்துவரும் என்று நினைத்து ஒரு மினி ட்ரோன் வாங்கினேன். 0.55 பவுண்டுக்குள், அதாவது 250 கிராமுக்குள் இருக்கவேண்டும். அங்கே இந்தியாவிலும் நானோ வகை ட்ரோனுக்கு 250-தானே கோடு? சமையலறைத் தராசில், மாவு அளக்கிற கிண்ணத்தை எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தேன்: 249. துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் அடுத்த வரியைப் படித்தேன். தோலைக் கிழிக்கக்கூடிய இறக்கை வெளியே தெரியக்கூடாதாம். இறக்கையைச் சுற்றிக் கூண்டை மாட்டி மறுபடி வைத்தால் தராசு 250-ஐத் தாண்டிவிட்டது! கூண்டு போட்டால் எடை உதைக்கிறது, கழற்றினால் இறக்கை உதைக்கிறது. வீட்டில் அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. இத்தனைக்கும் மேல், தேர்க்கூட்டம் போல ஒரே இடத்தில் கூடி நிற்பவர்கள் மேல் நிலையாகப் பறக்க, ட்ரோன் தன் அடையாளத்தையும் இருக்கும் இடத்தையும் பறக்கும்போதே ஒலிபரப்புகிற ரிமோட் ஐடி வேறு வேண்டும்.

இப்போது கூட்டத்துக்கு மேலே போவதையே விட்டுவிட்டேன். போன வருடம் புல்வெளி ஓரத்தில் கயிறு கட்டி, யாரும் வராமல் பார்த்துக்கொள்ள இரண்டு பையன்களை நிறுத்தி, அந்தக் காலி இடத்துக்கு மேலேயே ட்ரோனை வைத்துச் சாய்வாக எடுத்தேன். தோளில் குழந்தையோடு ஒருவர் கயிற்றைத் தாண்டி நேராக வந்தார். சட்டென்று பின்னால் இழுத்தேன், அந்த நேரம் பார்த்துத் தேர் திரும்பிவிட்டது. திரும்புகிற காட்சி போச்சு. ஆனால் சாய்வாக எடுத்ததில் வடம் பிடிப்பவர்களின் முகங்கள் தெரிகின்றன. நேர் மேலிருந்து எடுத்தால் வெறும் வழுக்கைத் தலைகள்தான்.

உன் பையன் திருமணங்களுக்கு ட்ரோன் எடுத்துப்போவதாகச் சொன்னாய். மணமேடைக்கு நேர் மேலே நிறுத்துகிறானா என்று கேள். நிறுத்துகிறான் என்றால் எனக்கு ஒரு போன் போடச் சொல்.

அப்புறம், கீழவீதியில் யாரோ வீட்டு மொட்டைமாடியில் ஏறி ஆழித்தேரை எடுத்தோமே, நீ கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, நான் உன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு? அந்த நெகடிவ் இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்பு. முழங்கால் வலிக்கிறது என்று தள்ளிப்போடாதே, பீரோ கீழ்த்தட்டில்தான் இருக்கும்.

உன்,
ரவி