பழைய ஜீப்புக்கு டீசல் என்ஜின்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மழை விட்டதும் வால்பாறை, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமிருந்து ஜீப்புகள் வேலைக்கு இறங்கி வருகிற நேரம் இது. வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: “பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, டீசல் என்ஜின் ஏற்றித் தருவீர்களா?” ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறோம். எந்த வண்டிக்கு டீசல் ஏற்றுவோம், எதற்கு ஏற்ற மாட்டோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

நம் பக்கம் அதிகம் இருப்பது மஹிந்திரா தயாரித்த வில்லிஸ் சிஜே-3பி ஜீப். அதன் பானெட் அவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணமே உள்ளே இருக்கும் ஹரிக்கேன் என்ஜின்தான். யுத்தகால ஜீப்பில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே இருந்தன, சக்தி 60 குதிரைத்திறன். ஹரிக்கேனில் இன்லெட் வால்வை மட்டும் பிளாக்குக்கு மேலே இருக்கும் ஹெட்டுக்கு ஏற்றினார்கள். அதே 2.2 லிட்டரில் சக்தி 70-ஐத் தாண்டியது, என்ஜினும் உயர்ந்தது, பானெட்டையும் தூக்க வேண்டி வந்தது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கிற நல்ல என்ஜின். அதைக் கழற்றி இரும்புக்கடையில் போடுவதைப் பார்த்தால் எங்களுக்கு மனசு கேட்பதில்லை.

சரி, டீசலில் என்ன லாபம்? குறைந்த சுற்றிலேயே இழுக்கும். எஸ்டேட் மேட்டில் லோடோடு ஏறும்போது அது தெரியும். காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லாததால் ஓடையில் இறங்கினால் பற்றவைப்பு நனைந்து நிற்கும் என்ற கவலை இல்லை. இந்த இரண்டும் உண்மை. ஆனால் பணக்கணக்கு பழைய மாதிரி இல்லை. அரசு விலைக்கட்டுப்பாட்டை 2010-ல் பெட்ரோலுக்கும் 2014-ல் டீசலுக்கும் எடுத்த பிறகு, இரண்டின் விலையும் நெருங்கிவிட்டது. வருடம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்று வையுங்கள். பெட்ரோலில் லிட்டருக்கு 8, டீசலில் 12 கிடைத்தால், மிச்சம் வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் அளவில்தான் நிற்கும். மாற்றும் வேலையை முறையாகச் செய்தால் லட்சங்களில் போகும். தினமும் லோடு அடிக்கிற வண்டிக்கு அது திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற வண்டிக்கு வராது.

இப்போது வேலைக்கு வருவோம். என்ஜினை சேசிஸுக்குள் இறக்குவது பெரிய காரியமே இல்லை. அதைப் பழைய மூன்று கியர் பாக்ஸோடு சேர்க்கிற இடத்தில்தான் உயிர் இருக்கிறது. நடுவில் இரண்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் வரும். என்ஜினில் சுற்றும் கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஃப்ளைவீலில், நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் கட்டி, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றி, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் துளையைச் சுற்றிலும் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்போம். கால் மில்லிமீட்டர் ஆடினாலும் பிளேட் மறுபடி லேத்துக்குப் போகும். கண்ணளவில் ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கினாலும் வண்டி அன்றைக்கு ஓடத்தான் செய்யும். அப்புறம் பைலட் பேரிங் கத்தும், கிளட்ச் அதிரும், இறக்கத்தில் கியர் தானாக விடுபடும். மலைச்சாலையில் கியர் விடுபட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் ஆயில் சம்ப். வண்டி பட்டறையில் சும்மா நிற்கும்போது முன் ஆக்ஸிலுக்கும் சம்ப்புக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருக்கும். குழியில் விழுந்து முன் ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது அந்த இடைவெளி இருக்குமா என்பதுதான் கேள்வி. அதனால் முன் ஸ்பிரிங்கை, அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் வரை அமுக்கிப் பார்த்த பிறகே என்ஜின் மவுண்டிங்கை வெல்ட் செய்கிறோம்.

எந்த டீசல் என்பதிலும் கவனம் வேண்டும். சிஜே-3பி-யின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன்-பினியன் பற்சக்கரங்களின் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற டாப் கியரில் என்ஜின் 5.38 சுற்று சுற்றும். 6.00-16 டயரோடு டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கே என்ஜின் ஏறக்குறைய 2,400 சுற்று சுற்ற வேண்டும், 80-க்கு 3,200. மஹிந்திரா உரிமம் வாங்கித் தயாரித்த 2,112 சிசி பெஜோ எக்ஸ்டிபி 4.90 என்ஜின் 4,500 வரை சுற்றும். அதனால் இந்த ஆக்ஸிலோடு ஒத்துப்போகிறது. 3,000 சொச்சத்தில் நின்றுவிடுகிற, மெதுவாகச் சுற்றும் டீசலைப் போட்டால் மேட்டில் ராஜா, சமவெளியில் 60-க்கு மேல் கதறல். விகிதத்தை மாற்றலாம் என்றால் முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர்-வீல் போட்டால், இரண்டு ஆக்ஸிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் போய்விடும்.

சின்ன வேலைகள் என்று பலர் விட்டுவிடுவதையும் நாங்கள் விடுவதில்லை. இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போக டேங்குக்குத் தனி லைன் வேண்டும். இருக்கைக்கு அடியில் இருக்கும் பழைய டேங்க் துருவை உதிர்த்தால் டீசல் பம்ப் கெடும். ஆகவே டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்தே தீருவோம். ஸ்டார்ட் ஆகும் முன் என்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குக்கும், ஸ்டார்ட் செய்யும் செல்ஃபுக்கும் பெரிய பேட்டரி வேண்டும். பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் விசையில் ஓடும் வாக்குவம் வைப்பர் உள்ள வண்டியில் இன்னொன்று: டீசலில் அந்த உறிஞ்சல் கிடைக்காது, மழையில் வைப்பர் அப்படியே நின்றுவிடும். வாக்குவம் பம்ப்போ மின்சார வைப்பரோ போட்டுத்தான் தருவோம். முன்பக்க எடை கூடுவதால் ஸ்பிரிங்கையும் டிரம் பிரேக்கையும் பார்க்காமல் வண்டியை வெளியே விடுவதில்லை.

கடைசியாக ஆர்.சி. உண்மையில் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. பெட்ரோல் என்று பதிவான வண்டியில் டீசல் ஓடினால் விபத்தில் இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது சிக்கல் உங்களுக்குத்தான். இன்னொரு விஷயம்: 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். என்ஜினை மாற்றிய வண்டிக்கு அந்த வாய்ப்பு போய்விடும். விண்டேஜ் பதிவில் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. ஆனாலும் தாத்தா காலத்து வண்டியை அப்படியே வைத்திருக்க ஆசைப்படுகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

ஆகவே எங்கள் முடிவு இது. ஆர்.சி.யில் ஏற்கெனவே டீசல் என்று இருக்கும் வண்டிக்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கி வரும் வண்டிக்கும் மட்டுமே டீசல் வேலை எடுப்போம். டீசல் வண்டியிலும் மாற்று என்ஜினின் எண்ணைப் பதிவு செய்யும் வேலையை முதலிலேயே பேசிக்கொள்வோம். ஹரிக்கேன் நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் வண்டியில் அதைக் கழற்ற மாட்டோம். தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து (போரிங்), வால்வு சீட் மாற்றி, கார்புரேட்டரைச் சரிசெய்து தருகிறோம். பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

வண்டியைக் கொண்டுவரும் முன் ஆர்.சி.யின் இரண்டு பக்கம், சேசிஸ் எண், என்ஜின் எண் இவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர், லோடு எவ்வளவு, எந்த ரோடு என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகே நாள் கொடுப்போம். முன்பணம் வண்டியை நேரில் பார்த்த பிறகு போதும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையினர்