அப்பாவின் இரண்டாவது பிளாக்

மூளைக் கட்டிக்குச் சிகிச்சை தரும் டாக்டர்களுக்கும், பயாப்சி பார்க்கும் பதாலஜி டாக்டர்களுக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்கு கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய். ஆபரேஷன், 30 தடவை கதிர்வீச்சு, கூடவே டெமோசோலோமைடு மாத்திரை. கதிர்வீச்சுக்காக முகத்தோடு அழுத்திப் பூட்டும் வலை முகமூடியைக் கழற்றியதும் கன்னமெல்லாம் சின்னச் சின்னக் கட்டமாகத் தடம் விழுந்திருக்கும். வீடு வந்து சேரும்வரை மறையாது.

பதினோராம் மாதம் கட்டி திரும்ப வந்தது. மறுபடி மண்டையைத் திறந்தார்கள். பழைய கட்டியே திரும்பியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. ஜீன் சோதனை செய்யவில்லையா என்று கேட்டேன். "அதான் போன தடவையே பண்ணியாச்சே" என்றார்கள்.

பழைய கட்டியேதானா? 2022இல் கிளாஸ் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 304 நோயாளிகளின் முதல் கட்டியையும் திரும்பி வந்த கட்டியையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். சிலருக்கு, சிகிச்சைக்குத் தப்பித்த கட்டி செல்கள் சுற்றியிருக்கும் நரம்பு செல்களோடு ஒட்டி உறவாடத் தொடங்கியிருந்தன. வேறு சிலருக்கு, நோய் எதிர்ப்பு செல்களின் நடுவே மீசென்கைமல் என்னும் முரட்டு நிலைக்கு மாறியிருந்தன. ஆளுக்கு ஆள் வேறு மாதிரி.

அப்புறம் அந்த மாத்திரை. டெமோசோலோமைடு செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்திக் கொல்கிறது. சேதத்தைக் கண்டுகொள்ளும் எம்எஸ்ஹெச்6 போன்ற ஜீன் பழுதானால் செல் சாவதில்லை. ஆயிரக்கணக்கான பிழைகளைச் சுமந்துகொண்டே பெருகுகிறது. அப்படிப்பட்ட கட்டிக்குப் போய் அதே மாத்திரையா? அப்பாவுக்கு இப்போதும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அவருடைய கட்டி அந்த வகைதான் என்று நான் சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லை என்கிறேன்.

கட்டி திரும்பி வந்த பலருக்கு மறு ஆபரேஷனே முடியாது, சோதித்தாலும் கொடுக்க மருந்து குறைவு என்பீர்கள். சரி, நியாயம்தான். ஆனால் மண்டையைத் திறந்து எடுத்தே ஆயிற்றே! முழு ஜீன் சோதனைக்கு வசதியில்லாவிட்டால் எம்எஸ்ஹெச்6 புரதத்துக்கு ஸ்லைடில் சாயமிட்டாவது பாருங்கள். அதற்கு அவ்வளவு செலவில்லை. அதை இரண்டாவது ரிப்போர்ட்டின் வழக்கமாகவே ஆக்குங்கள். செய்ய முடியாத இடத்தில், கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கை வாங்கி வேறு லேபுக்கு அனுப்பலாம் என்று வீட்டாரிடம் நீங்களே சொல்லுங்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியாது.

நான் கேட்டு வாங்கிவிட்டேன். மெழுகில் பதித்த, கட்டை விரல் அகலத் துண்டு. இந்த வாரம் லேபுக்குப் போகிறது.

— ஒரு நோயாளியின் மகள்