கிளாஸ்கோவில் முதல் குளிர்காலத்தைக் காணும் மகளுக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். சென்ற வாரம் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது நீ முழங்காலுக்குக் கீழே ஓயாமல் சொறிந்துகொண்டே இருந்தாய். கேட்டதற்கு, இரண்டு வேளையும் சுடுதண்ணீரில் நெடுநேரம் நின்று குளித்தால் அரிப்பு அடங்குகிறது என்றாய். அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சுடுதண்ணீர்தான் உன் அரிப்பை வளர்க்கிறது.

பூச்சியம் டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று உன் அறைக்குள் வந்து, ஹீட்டரால் 20 டிகிரிக்குச் சூடேறும்போது, 17 கிராம் வரை தாங்கக்கூடியதாக மாறிவிடுகிறது. ஆனால் அதில் இருப்பதோ பழைய 5 கிராம்தான். ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட, காற்று தனக்குக் குறைகிற ஈரத்தைக் கிடைக்கிற இடத்திலிருந்தெல்லாம் இழுத்துக்கொள்கிறது. உன் உதடு, மூக்கு, கால் எல்லாம் அதற்கு உட்பட்டவைதான். தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள். செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையில் இருக்கும் செராமைடு என்னும் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் சாந்து. சூடான நீரும் காரமான சோப்பும் அந்தச் சாந்தைக் கரைத்துவிடுகின்றன. அதனால்தான் குளிக்கும்போது இதமாக இருந்துவிட்டு, துடைத்த சிறிது நேரத்தில் முன்னைவிட அதிகமாக அரிக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் காலையும் மாலையும் குளிப்பது சரி. குளிக்காமல் சாமி விளக்கேற்றக் கூடாது என்று உன்னை வளர்த்ததும் நான்தான். கிளாஸ்கோவில் ஒரு வேளைக் குளியல் போதும். வெதுவெதுப்பான நீரில், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடு. வாசனை இல்லாத மென்மையான சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போட்டால் போதும். கைகால் முழுவதும் தினமும் நுரை தேய்க்க வேண்டியதில்லை. மாலையில் முகம், கை, கால் கழுவிக்கொண்டு விளக்கேற்றினால் அதில் ஒரு குறையும் இல்லை. பாட்டியிடமும் இதைச் சொல்லிவிட்டேன், அவருக்கும் சம்மதம்தான்.

குளித்ததும் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடு. தோலில் ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், களிம்பைத் தடவிவிட வேண்டும். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில், ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் பட்டுப்பட்டு அவருடைய கட்டைவிரல் ஓரங்கள் பிளந்திருக்கும். ரசம் ஊற்றிச் சோறு பிசையும்போது புளியும் உப்பும் அந்த வெடிப்புக்குள் இறங்கி எரியும். இரவில் கையைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயைத் தடவி, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பார். எண்ணெய் தானாக ஈரத்தைத் தருவதில்லை, இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காக்கிறது என்பதை அவர் யாரிடமும் படித்ததில்லை; ஆனால் இன்றைய மருத்துவம் சொல்வதும் அதையேதான். ஆய்வகத்தில் அடிக்கடி கை கழுவும் நீ, இரவில் கிளிசரின் அல்லது யூரியா சேர்ந்த கெட்டியான களிம்பைப் பூசி, அதன் மேல் பருத்திக் கையுறை அணிந்து தூங்கு. களிம்புகளில் சேரும் கிளிசரினைப் பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். அதில் நம் செம்பனைக்கும் பங்கு உண்டு.

உன் அறைத்தோழி கொடுத்த ஆலிவ் எண்ணெயை உடம்புக்குத் தடவாதே. 2013இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், அது மேல்தோலின் தடுப்பைத் தளர்த்துவதையும், சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யாததையும் கண்டார்கள். நம் தேங்காய் எண்ணெயை நம்பிப் பயன்படுத்தலாம். 2004இல் பிலிப்பீன்ஸ் மருத்துவர்கள் வறண்ட தோலுக்கு அதைக் கனிம எண்ணெயுடன் ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாமல், சிறிது எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உருகிவிடும். கார்த்திகைக்கு விளக்கேற்றுவாய் அல்லவா? களிம்பு ஊறிய துணியில் தீ மிக வேகமாகப் பற்றும் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018இலேயே எச்சரித்திருக்கிறது. சுடர் அருகே போகும்போது களிம்பு படாத உடையை அணிந்துகொள்; களிம்பு பட்ட உடைகளையும் போர்வையையும் அடிக்கடி துவைத்துவிடு.

கம்பளி உடை நேராகத் தோலில் உரசினால் அரிக்கும். உள்ளே பருத்தி போட்டுக்கொள். வெளியிலிருந்து விறைத்து வந்த கை கால்களை ஹீட்டர் மேல் வைக்காதே. திடீர்ச் சூட்டில் விரல்கள் வீங்கி, கருநீலமாகித் தடித்து அரிக்கத் தொடங்கும். உலர்ந்த காலுறை போட்டு மெதுவாகச் சூடேற விடு.

பூச்சு மட்டும் போதாது, மகளே. நமக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பகல். அங்கே டிசம்பர் இறுதியில் ஏழு மணி நேரம்தான், அந்த வெயிலிலும் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் போதிய அளவு இருக்காது. அதனால்தான் அக்டோபர் முதல் மார்ச் வரை தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளும்படி அங்குள்ள சுகாதாரத் துறை சொல்கிறது. நம்மைப் போன்ற கருத்த தோலுள்ளவர்களுக்கு ஆண்டு முழுவதுமே அது தேவைப்படலாம். நல்லது என்பதற்காக அளவை மீறாதே. 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் கேடு. கானாங்கெளுத்தி, மத்தி, முட்டை மூன்றும் அங்கே எளிதில் கிடைக்கும். மீனைப் புளி குறைத்துக் குழம்பு வைத்துச் சாப்பிடு. குளிரில் தாகம் தெரியாது, ஆகவே மேசையில் வெந்நீர் குடுவை இருக்கட்டும்.

மதிய உணவு முடிந்ததும் வானம் மூடியிருந்தாலும் வெளியே போய் நட. குளிர்காலத்தின் குறைந்த வெளிச்சம் மனத்தைச் சோர்வில் தள்ளுவதை 1984இலேயே மருத்துவர்கள் ஒரு நோயாக விவரித்தார்கள். எழுந்திருக்க மனமில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் இருந்தால், அதைச் சோம்பல் என்று நினைத்து உன்னையே திட்டிக்கொள்ளாமல் என்னிடம் சொல். இரவில் சொறிந்து தூக்கம் கெடுவதும் அந்தச் சோர்வைக் கூட்டும்.

மருத்துவரிடம் போனால் ஒன்றை மறவாதே. தோல் அழற்சி வெள்ளையர்களுக்குச் சிவப்பாகத் தெரியும். நமக்கு அது கரும்பழுப்பாகவோ சாம்பல் பூத்தது போலவோ ஊதாவாகவோதான் தெரியும், ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சிவக்கவில்லையே என்று அவர் இலேசாக எடுத்துக்கொண்டால், எங்கே தடித்திருக்கிறது, எங்கே சூடாக இருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டு. தழும்பு மறைய வேண்டும் என்று இங்குள்ள கடைகளில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம் எதையும் என்னிடம் கேட்காதே. பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருந்ததால் அனுமதி ரத்தான கிரீம்கள் நம் நாட்டில் ஒன்றிரண்டு அல்ல.

சொன்னபடி செய்தும் இரண்டு வாரத்தில் அரிப்பு குறையவில்லை என்றால், நீர் கசிந்தாலோ சீழ் வைத்தாலோ அதற்கு முன்பே, மருத்துவரைப் பார். விரலிடுக்குகளில் அரித்து, உடன் தங்கியிருப்பவர்களும் சொறிகிறார்கள் என்றால் அது வறட்சியாக இருக்காது, சிரங்காக இருக்கலாம். அதற்கு எல்லோருக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும். ஸ்காட்லாந்தில் 2011 முதல் மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்குக் கட்டணம் இல்லை, ஆகவே செலவை நினைத்துத் தள்ளிப்போடாதே. மருத்துவரிடம் இன்னும் பெயர் பதியவில்லை என்றால் இந்த வாரமே பதிந்துவிட்டு எனக்குத் தகவல் அனுப்பு.

அன்புடன்,
அம்மா