லீட்சில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள்,

நேற்று இரவு உன் குரலைக் கேட்ட பிறகு எனக்கும் நித்திரை வரவில்லை. புது வேலையில் சேர்ந்து முதல் கிழமை, அதற்குள் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரைக் காணவில்லை என்று பதறிப்போய்க் கதைத்தாய். இந்த நாட்டில் சம்பளத்தில் பிடிக்கும் வரியும் பென்ஷனுக்கான காசும் உன் பெயரில் பதிவாவது அந்த நம்பரில்தான், உன் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதறாதே பிள்ளை. அந்த நம்பரை ஒருமுறை தந்தால் ஆயுளுக்கும் அதேதான். வீடு மாறினாலும், கல்யாணம் கட்டிப் பெயர் மாறினாலும் அது மாறாது. அது கையில் இல்லாமல் வேலை தொடங்கவும் தடையில்லை. இங்கே பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை உனக்கு இருக்கிறது என்று பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, நம்பரைப் பிறகு கொடுக்கலாம். இதை மேனேஜரிடம் தயங்காமல் சொல்லு. ஞாபகத்தில் இருப்பதை வைத்து உத்தேசமாக ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே.

உனக்குப் பதினாறு வயதாகச் சில மாதம் இருக்கும்போது அந்தக் கடிதம் தானாகவே வந்தது. சைல்ட் பெனிபிட், அதுதான் பிள்ளை வளர்க்க அரசாங்கம் பெற்றோருக்குத் தரும் காசு, எடுத்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் அனுப்புவார்கள். முந்தி பிளாஸ்டிக் அட்டையும் தந்தார்கள், 2011இல் நிறுத்திவிட்டார்கள். காலையில் உன் ஃபைலை முழுக்கக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். தடுப்பூசி எழுதிய சிவப்புப் புத்தகம்கூட இருக்கிறது, அந்தக் கடிதம் இல்லை.

ஏ-லெவல் படிக்கும்போது சனிக்கிழமைகளில் கடையில் வேலை செய்தாயே, அந்தப் பே ஸ்லிப் ஏதாவது ஈமெயிலில் கிடக்கும். வருட முடிவில் முதலாளி தரும் சம்பள, வரிக் கணக்குத் தாளான பி60 இருந்தாலும் சரி. முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஆறு இலக்கம், கடைசியில் ஏ, பி, சி, டி இவற்றில் ஒன்று. அதுதான் நம்பர். அதுவும் கிடைக்காவிட்டால் வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யின் ஆப்பை இறக்கிக்கொள். நீதான் என்று உறுதிப்படுத்தப் பாஸ்போர்ட்டையோ லைசென்ஸையோ கேட்கும், பக்கத்தில் வைத்துக்கொள். உள்ளே போனதும் நம்பரைப் பார்க்கலாம், கடிதமாகவும் எடுக்கலாம், போனிலுள்ள வாலட்டிலும் சேமிக்கலாம். ஆப் சரிவராவிட்டால் சி.ஏ.5403 என்ற படிவத்தை நிரப்பித் தபாலில் அனுப்பு. ஹெல்ப்லைனுக்கும் அடிக்கலாம், ஆனால் போனில் நம்பரைச் சொல்லமாட்டார்கள், தபாலில்தான் அனுப்புவார்கள். அது வர 15 வேலை நாள்வரை எடுக்கும். உன் புது முகவரியை அவர்களிடம் பதிந்திருக்கிறாயா என்று பார்த்துக்கொள்.

இதற்கெல்லாம் ஒரு பென்னியும் கட்டத் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் தளங்களுக்குள் போகாதே, அரசாங்கத் தளத்துக்கு மட்டும் போ. "உங்கள் என்.ஐ. நம்பர் களவு போய்விட்டது, ஒன்றை அழுத்துங்கள்" என்று பதிவுக் குரலில் அழைப்பு வந்தால் உடனே வைத்துவிடு. 2021இல் அந்த மோசடி நாடு முழுக்க நடந்தது. பயந்துபோய் விவரமெல்லாம் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

நான் இவ்வளவு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீ கட்டும் ஒவ்வொரு வருடக் காசும் அந்த நம்பருக்குக் கீழேதான் சேரும். அரச பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 10 வருடக் கணக்கு வேண்டும். முழுப் பென்ஷனுக்கு உன் வயதுக்காரருக்கு 35 வருடம். உங்களைப் பார்த்துக்கொண்டு நான் வீட்டிலிருந்த காலம் வீணாய்ப் போயிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் என் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவைத் திறந்து பார்த்தால், அந்த வருடங்களுக்கு நேரே எல்லாம் முழு வருடம் என்று போட்டிருக்கிறது. சைல்ட் பெனிபிட் என் பெயரில் இருந்ததால் சேர்ந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சமைத்ததும் துவைத்ததும் உங்களைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதும் எங்கோ ஒரு கணக்கில் ஏறியிருக்கிறதே!

ஆகவே நம்பர் கிடைத்த அன்றே உன் பதிவையும் ஒருமுறை திறந்து பார். நீ வேலை செய்த ஏதாவது வருடம் குறைவாகக் காட்டினால் சொல்லு, பி60 எல்லாம் வைத்துக்கொண்டு சேர்ந்து பார்ப்போம். நம்பரை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்புடன்,
அம்மா